கங்காணிப் புத்தகத்தில் இல்லாத தாத்தா

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "என் தாத்தா கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் கூலிகளை மேய்த்த கங்காணி" என்று அளந்தேன். பல வருஷம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்ட விஷயம் அது.

"அத்தாட்சி இருக்குங்களா?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் போய், தோட்ட ஆபீசில் கங்காணிகளின் பழைய புத்தகம் முழுக்கத் தேடினேன். தாத்தா இல்லை.

"கூலியாக்களின்ர புத்தகத்தையும் ஒருக்காப் பாருங்கோவன்," என்றார் அங்கே கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி.

"எங்கள் ஆள் அதில் எப்படி இருப்பார்?" என்றேன்.

இருந்தார். 'ஓடிப்போனான், கங்காணி பிடித்துவந்து பிரம்படி' என்று மூன்று தடவை எழுதியிருந்தது. நான்காவது தடவை 'ஓடிப்போனான்' மட்டும்தான். அடித்தவனின் உத்தியோகத்தை அல்லவா தாத்தாவுக்குக் கொடுத்திருந்தேன்!

"கங்காணியெண்டு கடிதமொண்டு எழுதித் தரட்டோ?" என்றார் கிராணி, இரக்கப்பட்டு.

வேண்டாமென்று திரும்பி வந்து, தாத்தா மூன்று தடவை அடிபட்டும் நான்காவது தடவை ஓடித் தப்பிய கூலி என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னேன். சம்பந்தம் கைநழுவியது. ஆனால் என் குடும்பத்தைப் பற்றிப் பொய் கலக்காமல் நான் பெருமை பேசியது அன்றைக்குத்தான்.