மூலை வெட்டிய தாள்கள்

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த அன்றே ஆரம்பித்தது. அன்றைக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அன்பெல்லாம் பிறகு வந்தது. எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்தொன்பது வருடம் ஒரே அடுப்படியில் முட்டி மோதியதில் எங்கோ ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அக்கா அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருபத்தொரு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தாள். மெஷின் வெட்டித் தள்ளும் அட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மடித்துப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிப்பது வேலை. வேலை நேரம் முடிந்தாலும் அவள் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. கடையில் பிஸ்கட் வாங்கினால் முதலில் பெட்டியின் மடிப்பைத்தான் பார்ப்பாள். நான் அடுக்கிய தட்டு, நான் மடித்த போர்வை, நான் குழாயின் மேல் போட்டுவிட்டுப் போகும் ஈரத்துணி, எதுவும் அவளிடம் தப்பாது. "இது யாரு போட்டது?" என்பாள். வீட்டில் அந்தக் காரியத்தைச் செய்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று தெரிந்தே கேட்பாள். கம்பெனியில் அவளுக்குப் பெயரே "செக்கிங்". வீட்டிலும் அவள் காதில் விழாமல் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

போன வருடம் கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இங்கிருந்து ஏழு மணி நேரப் பயணம். பழைய ஆட்களில் பன்னிரண்டு பேரை மட்டும் கூட வரச்சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள், அதில் அக்காவும் ஒருத்தி. சம்மதமென்றால் ஆறு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்கள் அவரை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன, அவரால் நகர முடியாது. ஆக, அக்கா மட்டும் தனியாகப் போய் விடுதியில் தங்கி, மாதம் ஒருமுறை வந்து போக வேண்டும். கடிதம் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அதைத் தொடாமல் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"நல்ல வேலை, விட்டுடாதீங்க அண்ணி" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாக்கா, போயிட்டு வாங்க" என்று நானும் சொல்லிவைத்தேன். வாய்தான் சொன்னது. அவள் போய்விட்டால் குழாயின் மேல் நான் எந்தத் துணியை வேண்டுமானாலும் போடலாம். யாரு போட்டது என்று கேட்க ஆளிருக்காது.

அந்த வாரம்தான் அக்கா துவைக்கும் மெஷினுக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கினாள். வாழ்த்து அட்டை செய்யப்போகிறேன் என்று என் மகள் வாங்கி, இரண்டே இரண்டு அட்டை செய்துவிட்டு ஏற்றி வைத்த வெட்டும் மெஷின். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, விரல் நகமளவு கத்தியால் தாளை வெட்டித் தரும்.

"இதுல அடுக்கடுக்கா வெட்டி ஒட்டினா, குழிக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி படம் வருமாமே?" என்றாள்.

"படத்தை யாருக்கா வரையறது? நீங்க ஸ்கேல் வெச்சுப் போட்டாலே கோடு கோணுமே!"

"ஏஐ வரையட்டும். நான் செக் பண்றேன்."

ஆறு அடுக்கில் ஒரு காடு வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டாள். வந்த படத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். மரத்துக்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் மான், தூரத்தில் நிலா. அக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நெழலை வரைஞ்சு ஏமாத்தியிருக்கான். கத்திக்கு நெழல் தெரியுமா? அதுக்குக் கோடு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அது அடுக்குகள் இருப்பதுபோல் வரைந்த ஒற்றைப் படம். அதன்பிறகு ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகக் கேட்கக் கற்றுக்கொண்டாள். ஒரே நிறம், நிழல் கூடாது, ஓரம் தெளிவாக வேண்டும், வெட்ட வேண்டிய இடம் வெள்ளையாக இருக்க வேண்டும். தப்பாக வந்தால் எழுத்திலேயே திட்டுவாள். அது பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே தப்பைத் திரும்பச் செய்யும். "இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேக்குறவனை நம்பவே கூடாது" என்பாள்.

முதல் காட்டை வெட்டித் தூக்கியபோது நிலா கழன்று மேஜைமேல் விழுந்தது. பறவைகள், தாளைப் பிடித்துவைக்கும் மெஷினின் ஒட்டும் பாயிலேயே தங்கிவிட்டன. வரைகிறவனுக்கு நிலா வானத்தில் நிற்கும். தாளில் சுற்றி வெட்டினால் விழத்தானே செய்யும்? "பிடி இல்ல" என்றாள் அக்கா, டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல. எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவள் இருபத்தொரு வருடமாகச் செய்துவந்த வேலை. அன்றிலிருந்து அவள் காட்டில் நிலா ஒரு கிளையில் சாய்ந்திருந்தது, பறவை இலை நுனியைத் தொட்டுக்கொண்டு பறந்தது. பார்க்கிறவர்கள் அழகுக்காகச் செய்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்டைக் கொண்டுபோய் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாட்டினேன். மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"குழந்தைங்க காத்திருக்குற ரூமுக்கு ஒரு கடல் செஞ்சு தரச் சொல்லுங்க. திமிங்கலம், ஆக்டோபஸ் எல்லாம் இருக்கணும். வியாழக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து எடுத்துக்கறேன். நல்லா வந்தா எனக்கு இன்னும் ரெண்டு கிளினிக் இருக்கு" என்றார்.

கடிதத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அக்கா சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது நின்னா நானும் இங்க நிப்பேன். விழுந்தா பெட்டி கட்ட வேண்டியதுதான்" என்றாள்.

எட்டு நாள் எங்கள் வீட்டில் கடலைத் தவிர வேறு பேச்சில்லை. கடலுக்கும் ஆறு அடுக்கு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை வெட்டினாள். புதன்கிழமை சாயங்காலம் வெட்டு முடிந்தது. இங்கே மூடுவதால் பழைய அடையாள அட்டையையும் செக்கிங் முத்திரையையும் எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று வியாழன் காலை கம்பெனிக்குப் போனாள். உள்ளே போனை விடமாட்டார்கள். "வந்து ஒட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

எனக்கு வியாழன் விடுமுறை. கை சும்மா இருக்குமா? மேஜையில் வெட்டிய தாள்கள் இரண்டு கட்டாக இருந்தன. ஒன்றில் எல்லாத் தாளிலும் வலது கீழ் மூலை ஒரே அளவாக, ஒரே கோணத்தில் வெட்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் வெட்டு இல்லை. மூலையைச் சேர்த்துப் பிடித்தால் தாள்கள் நேராக உட்கார்ந்தன. அட, ஒட்டும்போது பிசகாமல் இருக்கத்தான் இந்த அடையாளம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பை வைத்து ஆறையும் ஒட்டி முடித்தேன். வெட்டில்லாத தாள்களை நான்காக மடித்து, மற்ற கழிவோடு குப்பை வண்டியில் போட்டுவிட்டு, மேஜையையும் துடைத்து வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் படத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் மூலையை விரலால் தடவினாள்.

"மூலை வெட்டினதை எல்லாம் ஏன் ஒட்டினே?"

"நேரா ஒட்டுறதுக்கு அடையாளம்தானேக்கா அது?"

"கழிச்சதுடி அது! கெட்ட அட்டைன்னா மூலையை வெட்டிடுவோம், யாரும் தெரியாம எடுத்துடக் கூடாதுன்னு. நல்லதெல்லாம் எங்க?"

அவள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைகளில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படம் வரைந்து வளர்ந்தார்கள். எல்லாமே மூலை வெட்டிய அட்டைகள். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட ஏன் என்று நான் கேட்டதில்லை. வண்டி ஒன்பது மணிக்கே போய்விட்டது என்று சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"வேணும்னு பண்ணலக்கா. நீங்க போயிடக் கூடாதுன்னுதான் அவசர அவசரமா ஒட்டினேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாங்கன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன்."

"யாராவது ஒருத்தர் போகாதேன்னு சொல்ல மாட்டீங்களான்னு ஆறு வாரமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தாள். "எழுந்திரு. மூக்கைத் துடை. திருத்தின ஃபைல் இருக்கு. கம்பெனியில வெட்டுற அச்சு உடைஞ்சா ஒரு வாரம் போச்சு. இங்க பட்டனை அமுக்கினா திரும்ப வெட்டும்."

எனக்கு உயிர் திரும்ப வந்தது. ஆனால் ஓர் அடுக்கு வெட்ட நாற்பது நிமிடம். நாலு மணிக்குள் ஆறும் முடியாது. போதாக்குறைக்குக் கைவசம் இருந்த தாள் இரண்டே இரண்டு. ஒட்டியதைப் பிரித்து, எது உண்மையிலேயே கெட்டது என்று பார்க்க வேண்டும் என்றாள். இழுத்தால் கிழியும். அப்போதுதான் எனக்கு மருந்துக்கடை மூளை வேலை செய்தது. பல் இடுக்கில் விடும் நூலை எடுத்துவந்து, அடுக்குகளுக்கு நடுவே விட்டு அறுத்தோம். டேப் வெண்ணெயாக அறுபட்டது. பல் டாக்டர் படத்துக்கு அதுதானே பொருத்தம் என்றேன். அக்கா அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குவது உதட்டோரத்தில் தெரிந்தது.

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். நான்காவது அடுக்கில் ஆக்டோபஸுக்கு ஒன்பது கால். நானும் ஒட்டினேனே, எண்ணினேனா? இரண்டாவதில் நீர்க்குமிழிகளுக்குப் பிடி இல்லாமல் பாதி விழுந்திருந்தன. மற்ற நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கெல்லாம் ஏன் மூலை வெட்டினேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். "மயிரிழை கோணல். கம்பெனியா இருந்தா தள்ளித்தான் ஆகணும்."

"இது கம்பெனி இல்லையேக்கா."

அவள் நான்கையும் எடுத்து நல்ல பக்கம் வைத்தாள். கெட்ட இரண்டை மட்டும் திரும்ப வெட்டினோம். தாள்தான் வேறொரு நீலம். "கடல்ல எந்த நீலமும் செல்லும்" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வெட்டிய மூலைகள் சட்டத்துக்குள் மறைந்தன. மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலில் ஒரு குமிழியைத் தொட்டுப் பார்த்தார். "பசங்க இழுப்பாங்களே?"

"இழுத்துப் பாருங்க" என்றாள் அக்கா.

இழுத்தார். குமிழி பாசியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு குனிந்து ஆக்டோபஸின் கால்களை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். நானும் மனசுக்குள் கூடவே எண்ணினேன்.

"எட்டு" என்று நிமிர்ந்தார். "போன தடவை வேற ஒருத்தர் ஏஐ படம்னு ஒண்ணு செஞ்சு கொடுத்தாங்க. ஒரு சின்னப் பொண்ணு வந்து, டாக்டர், இதுக்கு ஒம்பது கால்னுச்சு. மானம் போச்சு. மத்த ரெண்டு கிளினிக்குக்கும் நீங்களே செஞ்சு கொடுங்க. பக்கத்து ஸ்கூல்லயும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவர் போனபிறகு அக்கா கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீ போடச் சர்க்கரை டப்பாவைத் தூக்கினேன். கடிதம் அதே இடத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். வலது கீழ் மூலை, அதே அளவில், அதே கோணத்தில், கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது.

டப்பாவைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"குழாய் மேல ஈரத்துணியை யாரு போட்டது?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"நான்தான்க்கா" என்றேன். "நான்தான்."