புகையிலை வைக்காத தட்டத்தோடு கடற்கரைக்கு

அன்று லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் போனவர்கள் நான், என் தங்கை றோசம்மா, தாதி கமலா மிஸி, ஓட்டிய யோகன். போன இடங்களில் இருந்தவர்கள் வயல் செய்கிற கமக்காரர் சங்கத்துக் கந்தையா, மீன்பிடிச் சங்கத் தலைவர் மிக்கேல், மிக்கேலின் மனைவி ஸ்ரெல்லா. ஒருவரையும் நான் மறக்கவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு, வயலில் அரிவுவெட்டு முடிந்த கையோடு போனோம். சண்டையால் வவுனியாப் பாதை பூட்டிக் கிடந்தது, பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வாய்ப்புற்றுநோய் பார்க்கிற டொக்டர் ஒருவர் மல்லாவிக்கு ஒருநாள் வருகிறார், மூன்று சங்கங்கள் சேர்ந்து ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று மிஸி சொன்னார். மாதர் சங்கம் எங்களுடையது. மற்ற இரண்டையும் சேர்க்கத்தான் இந்தப் பயணம். எனக்கு வேறு காரணமும் இருந்தது. றோசம்மாவின் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை பிடித்திருந்தது.

"எல்லாரும் போனால் நானும் வாறன். தனியப் போனால் ஊர் என்னை இப்பவே செத்தவள் எண்டு எழுதிப்போடும்" என்றாள்.

ஒட்டுசுட்டானிலிருந்து விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டோம். முள்ளியவளைக்கு ஏறக்குறையப் பத்து மைல் கட்டை, கடற்கரை அதற்கும் அப்பால் நாலு. போகவர யோகன் எண்ணூறு ரூபாய் கேட்டான். மண்ணெண்ணெயில் ஓடுகிற மெசின், புகை முழுக்க எங்கள் முகத்தில்தான்.

எங்கள் பக்கம் ஒரு சங்கத்தை அழைக்கப் போனால் வெற்றிலைத் தட்டம் நீட்ட வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நாலும் இருந்தால்தான் மரியாதை. நான் புகையிலை வைக்கவில்லை. வாயைத் தின்னுகிற சாமானைக் கொடுத்துவிட்டு வாயைக் காட்ட வா என்று எந்த முகத்தோடு கேட்பது?

முள்ளியவளையில் கந்தையா தட்டத்தை விரலால் கிளறிப் பார்த்தார். "என்ன அக்கா, கலியாணத்துக்குக் கூப்பிட்டுப்போட்டு பொம்பிளையை ஒளிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு?"

"பொம்பிளை சரியில்லை, அண்ணை. வாயைப் பழுதாக்குவாள்."

சிரித்தார். வெறும் வெற்றிலையைச் சப்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டே, "வாறம்" என்றார். அவருடைய சங்கம் சேர்ந்தது.

கடற்கரையில் மிக்கேல் கதிரையை விட்டு எழும்பவில்லை. "இது அரைத் தட்டம். எங்களை அரை மனிசர் எண்டு நினைச்சே கொண்டந்தனீங்கள்?"

மிஸி என் காதருகே குனிந்து, "அம்மா, கடையில ஒரு துண்டு புகையிலை வாங்கி வைப்பமே? சங்கம் வந்தால் அதுவே காணும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன்தான்.

அப்போது றோசம்மா யாரும் கேளாமலே வாயைத் திறந்து காட்டினாள். "பாருங்கோ தலைவர், இதுக்குத்தான் வந்தனாங்கள்." வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். ஸ்ரெல்லா மிஸியின் கையைப் பிடித்துக் குசினி அடுப்படிக்குக் கூட்டிப் போனார். வெளியே வந்த மிஸி, மிக்கேலின் முகத்துக்கு நேரே சொன்னார்: "உங்கட மனுசிக்கும் அடி நாக்கில புண் கிடக்கு. கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓம், வாறம். சங்கத்து ட்ரக்டரிலேயே ஏத்திவாறன்" என்றார் மிக்கேல்.

குறித்த நாளில் நாங்கள் மல்லாவிக்குப் போனோம். கந்தையாவின் ஆட்கள் இரண்டு ட்ரக்டர்ப் பெட்டி நிறைய வந்தார்கள். கடற்கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. யோகன்தான் பிறகு விசாரித்து வந்தான். அரைத் தட்டம் நீட்டினவர்களுக்குப் பின்னால் போக முடியாது என்று மிக்கேல் ட்ரக்டரைக் கொடுக்கவில்லையாம். ஸ்ரெல்லா நல்ல சீலை உடுத்துக்கொண்டு ஒழுங்கை முனையில் காத்து நின்றாராம்.

டொக்டர் றோசம்மாவின் படையை வெட்டி எடுத்தார். இப்போதும் அவள் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஸ்ரெல்லா அடுத்த மாரி மழையைக் காணவில்லை.

இந்த மாதிரிச் சங்கங்களைச் சேர்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். இப்போது தார் ரோட்டு, பஸ் ஓடுகிறது, அலுப்பில்லை. தலைவரின் கதிரைக்கு முன்னால் நிற்கும் முன் குசினிப் பக்கம் போங்கள், நோய் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. புகையிலை கேட்டால் கொடுக்காதீர்கள், கோபித்தால் கோபிக்கட்டும். தலைவர் "ஓம்" சொன்னாலும் வாகனத்தை நீங்களே பேசி வையுங்கள். நான் பேசி வைத்திருந்தால் இன்னொரு எண்ணூறு ரூபாய்தான் போயிருக்கும்.

அவர் இப்போதும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருகிறார். புகையிலை இல்லாத தட்டத்தை நீட்டுகிறேன். எடுத்துச் சப்புகிறார், திருந்திவிட்டார் என்கிறார்கள். திருந்தட்டும். நான் மன்னிக்கமாட்டேன், மிக்கேலை.