இரண்டாவது அடுப்பு

சூளையக்கா புரட்டாத செங்கல் அந்த வட்டாரத்தில் எந்தச் சுவரிலும் இல்லை. அச்சில் வார்த்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லை வெயிலில் பரப்புவாள். மூன்றாம் நாள் பக்கவாட்டில் புரட்டுவாள். ஐந்தாம் நாள், காற்றுப் புகுந்து போக இடைவெளி விட்டு அடுக்குவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அவள் முதுகை நிமிர்த்தினால் பழைய கதவு திறக்கிற சத்தம் கேட்கும் என்பார்கள். சும்மா சொல்லவில்லை, நானே கேட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கூடவே வந்தது.

மழைக்காலம் வந்தால் சூளையை மூடிவிடுவார்கள். நான்கு மாதம் வேலை கிடையாது. வெளியே பச்சைக்கல் கரையும். உள்ளே பானையிலிருக்கிற அரிசி கரையும்.

வீடு என்பது தகரக் கூரை போட்ட நீளமான ஒரே அறை. நடுவில் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த திரை. திரைக்கு இந்தப் பக்கம் சூளையக்காவும் அவள் கணவரும். அவர் கிணறு தோண்டியே நெஞ்சு முழுக்கத் தூசி ஏற்றிக்கொண்டு, இப்போது இருமுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார். அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. தெருவில் அவளுக்கு இளையவள் என்றே பேர். கொழுந்தன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். மாதத்துக்கு ஒரு தடவை அழுக்குத் துணி போட வருவதுபோல் வந்து போவான்.

இளையவளுக்கு நாலு வயதில் ஒரு பெண். ஆள் கையளவு இருந்ததால் சுண்டு என்று பேராகிவிட்டது. சூளையக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவளிடம் யாரும் அதைச் சொல்லிக் காட்ட முடியாது. சுண்டு பெரியம்மா தட்டில், பெரியம்மா கையால்தான் சாப்பிடும். பெற்றவள் ஊட்டினால் உதட்டைப் பூட்டிக்கொள்ளும். பெரியம்மா தட்டோடு உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து சம்மணம் போட்டு வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். குருவிக்குஞ்சுக்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்; இதற்குக் கிடையாது.

அறையின் வாசலை ஒட்டி ஒரே அடுப்பு. ஐந்து வாய்க்கும் அதுதான்.

ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் நேரடியாகப் பணம் கொடுக்கப்போகிறார்கள் என்று கணக்கெடுக்க ஓர் அம்மா வந்தார். கையில் பலகைபோல் ஒரு கருவி. ஒரு கூரைக்கு அடியில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் ஆபீசில் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள்: அடுப்பை எண்ணுவது.

"வீட்ல எத்தனை அடுப்பும்மா?"

"ஒண்ணுதாங்க."

"அவங்களுக்குத் தனியா இல்லையா?" என்று இளையவளைக் காட்டினார்.

சூளையக்காவுக்குச் சுருக்கென்றது. "என்ன கேள்விங்க இது? இவ வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு வேளை தனியா உலை வெச்சதில்ல. தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

அந்த அம்மா யாரையும் கேட்கவில்லை. கருவியில் 'ஒரு குடும்பம்' என்று தட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரி சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள். கணக்கெடுப்பு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இவள் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு வருவதற்குள், மூலையில் மூன்று கல் முளைத்து, மண் பூசி, தீயும் மூட்டி, மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போய், மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தைகூட நின்றிருந்தது. தையல்காரி வீடு இரண்டு குடும்பமாகப் பதிவானது.

"சேந்து இருக்கிறத அவ்வளவு பெருமையா சொன்னீங்களேக்கா," என்றாள் தையல்காரி அன்று மாலை. "அந்தப் பெருமைய உலையில போட்டுப் பாருங்க, வேகுதான்னு."

பணம் சூளையக்கா பேரில் வந்தது. பணம் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதுவரை மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டு மாத்திரை தருவார். இப்போது முழு அட்டையாக வந்தது. பத்து நாளில் அவள் கணவர் முதல் தடவையாக இருமாமல் தூங்கினார். அந்த அமைதியில் அவள் பயந்துபோய் நாலு தடவை அவர் மூக்கருகில் கையை வைத்துப் பார்த்தாள். இன்னொரு நாள், காய்ச்சலோடு படுத்திருந்தவளைச் சூளை மேஸ்திரி வாசலில் நின்று கூப்பிட்டபோது, "இன்னைக்கு வரல" என்றாள். அவர் போன பிறகும் அதையே மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பணத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு, அடுப்புக்கு மேலே, எல்லாருக்கும் எட்டும் இடத்தில் வைத்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று.

"அக்கா, சுண்டுக்குச் செருப்பு அறுந்துபோச்சு," என்றாள் இளையவள் ஒரு நாள்.

"டப்பாலதான இருக்கு, எடுத்துக்க."

"எவ்வளவு எடுக்கட்டும்?"

"வேணுங்கிறத எடுடி. என்ன புதுசா கேக்குற?"

இளையவள் எடுக்கவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பவாவது உனக்கு இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதே இல்லக்கா. கேட்டா குடுக்குறீங்க. ஆனா கேக்கணும்ல?"

சூளையக்கா டப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். முன்பு இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லாதபோது இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கேட்பவளும் கொடுப்பவளும் எப்போது உண்டானார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். டப்பா வந்த அன்றுதான்.

மறுவாரம் இரண்டு பேரும் பஸ் ஏறி ஆபீசுக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். கெட்ட செய்தியை மெதுவாகச் சொன்னார்.

"தனி அடுப்பு இருந்தா தனிக் குடும்பம். அவங்க பேரையும் சேத்துக்கலாம். மனு குடுங்க, விசாரிக்க ஆள் வரும். ஆனா என்னைக்கு வரும்னு சொல்ல மாட்டாங்க. சாப்பிடுற நேரமா பாத்து வருவாங்க. ரெண்டு வீடும் ஒரே பானையில சாப்பிடுறதப் பாத்துட்டா, புதுசா சேக்கிறது இருக்கட்டும், உள்ள பேரும் போயிடும்."

திரும்பி வரும்போது இளையவள் சிரித்தாள். "சும்மா காட்டுறதுக்குத்தானக்கா. வந்து பாத்துட்டுப் போனதும் இடிச்சிடலாம்."

"இடிக்கிறதுக்குக் கட்டுற மொத ஆளு நாமதான்," என்றாள் சூளையக்கா. பஸ்ஸில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடத்துநர் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமோ என்று எண்ணிப் பார்த்தார்.

அடுப்பைச் சூளையக்காவே கட்டினாள். சூளையிலிருந்து நல்ல களிமண்ணாகப் பார்த்துக் கொண்டுவந்து, தன் அடுப்பைவிட அழகாகவே கட்டினாள். சாக்குத் திரை போதாது, கண்ணுக்குத் தெரிகிற சுவர் வேண்டும் என்று தையல்காரி யோசனை சொன்னாள். மேஸ்திரி தள்ளிவைத்த உடைசல் கற்களைத் தலையில் சுமந்து வந்து, அறையின் நடுவில் சூளையக்கா சுவர் எழுப்பினாள்; இளையவள் பக்கம் தனி வாசலும் திறந்துவிட்டாள். காற்றுக்கு வழிவிட்டு அடுக்கியே பழகிய கை. இதை இடுக்கே இல்லாமல் அடுக்க வேண்டியிருந்தது.

ஆள் எந்த நாளும் வரலாம் என்பதால் எல்லா நாளும் தனியாகச் சமைத்தார்கள். உப்பு ஜாடி இரண்டானது. விறகுக் கட்டு இரண்டானது. முதல் வாரம் சுவருக்கு மேலாக ருசி பார்க்கக் கரண்டி போய்வந்தது. மூன்றாவது வாரம் விறகு குறைகிறது என்று ஒரு பேச்சு வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. பேச்சு வந்தது.

சுண்டுவுக்குத்தான் பாடம் ஏறவில்லை.

"இனிமே உங்க வீட்லதான் சாப்பிடணும். தெரிஞ்சுதா?" என்றாள் பெற்றவள்.

"எங்க வீடு எது?"

பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொல்லச் சுவரைத்தான் காட்ட வேண்டியிருந்தது. அப்படியும் அது கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல், சூளையக்கா ஊட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மழை ஆரம்பித்து ஆறாம் நாள், உச்சிப்பொழுதில், குடையும் கருவியுமாக ஓர் ஆள் வந்தார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு அடுப்பையும் பார்த்தார். சாம்பலைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பானை மூடியையும் திறந்தார். சுவரைக்கூட ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சூளையக்கா வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"நீங்க சாப்பிடுங்கம்மா, நான் பாட்டுக்கு எழுதிக்கிறேன்."

சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அவள் தட்டோடு உட்கார்ந்தாள். சுவரைச் சுற்றி மழையில் நனைந்துகொண்டு சுண்டு ஓடிவந்தது. எதிரே சம்மணம் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

அந்த ஆள் எழுதுவதை நிறுத்தினார்.

"இது யாரு?"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. கட்டிலில் அவள் கணவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். இந்த வீட்டு மாத்திரை அட்டை, அந்த வீட்டுச் செருப்பு, எல்லாம் அவள் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் நின்றது.

"பக்கத்து வீட்டுக் குழந்தைங்க," என்றாள் சூளையக்கா. பிறகு குழந்தையைப் பார்த்து, "என்ன பழக்கம் இது? அடுத்தவங்க சாப்பிடறப்ப வந்து உக்காரலாமா? போ, உங்க வீட்ல போய்ச் சாப்பிடு" என்றாள்.

சுண்டு கண்ணைத் திறந்தது. வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. பெரியம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எழுந்திரு" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி மடியில் போட்டிருப்பாள், எல்லாம் கெட்டிருக்கும். அது வாயை மூடிக்கொண்டு, எழுந்து, மழையில் சுவரைச் சுற்றிப் போயிற்று.

"பசங்கன்னா அப்படித்தான்," என்றார் அந்த ஆள். எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதத்திலிருந்து இளையவள் பேரிலும் பணம் வந்தது. அவள் யாரையும் கேட்காமல் செருப்பு வாங்கினாள், குடை வாங்கினாள், தன் அம்மாவுக்கு ஒரு போர்வை வாங்கினாள். நடையே மாறிவிட்டது. அதைப் பார்த்துச் சூளையக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

"சுவரை இடிச்சிடலாமாடி? இந்தக் கல்லை வாசல்ல போட்டா சேறு இருக்காது," என்று ஒரு நாள் கேட்டாள்.

இளையவள் தன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும்க்கா. திரும்ப வந்து பாத்தாங்கன்னா?"

"வருவாங்களா?"

"வந்தாலும் வருவாங்க."

இளையவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

சுண்டுவை அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள். அது வரும், விளையாடும், பெரியப்பாவின் காலை அமுக்கிவிடும். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டால் எழுந்துவிடும். "நான் சாப்பிட்டுட்டேன் பெரியம்மா" என்னும். சாப்பிட்டிருக்காது. மழை விட்டுச் சூளை மறுபடி புகைய ஆரம்பித்த நாளில், குழந்தை வாசல்படிக்கு வெளியே நின்றது. இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தைப் பிடித்திருந்தது. உள்ளே கொஞ்சம் கீரை.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"உள்ள வாடி கண்ணு."

"கிண்ணத்த வாங்கிட்டு வரச் சொன்னாங்க," என்று அங்கேயே நின்றது.

சூளையக்கா கீரையைத் தன் பாத்திரத்தில் கவிழ்த்துக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவ உட்கார்ந்தாள். சின்னக் கிண்ணம். கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அவள் ஒரு தடவை கழுவி, ஒன்றுமில்லாத அழுக்குக்கு மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்தாள். குழந்தை, அடுத்த வீட்டில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி, படிக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தது.