அது உன் அப்பா இல்லை

சாத்திய கதவுக்குப் பின்னால், கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கரண்டி இரண்டு முறை தட்டியது. அறைக்குள் யாரும் இல்லை. நாங்கள் எல்லோரும் கிள்ளானில் என் நாத்தனார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். என் கணவர் இறந்து அன்று பதினாறாம் நாள். அவர் படத்துக்கு முன் வாழை இலையில் சோறு, நண்டுப் பிரட்டல், இறால், பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் பால் விடாத கோப்பி, அருகே ஒரு கரண்டி. படையல் வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இறந்தவர் வந்து உண்ண நேரம் தந்து, பிறகு தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

என் கணவரும் நானும் திருமணத்துக்குப் பின் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அங்கே விலக்கு என்பதால் அதன்பின் அவர் நண்டைத் தொட்டதில்லை, கோப்பி குடித்ததில்லை. சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள் என்பதால் சொந்தக்காரர்களின் எத்தனையோ விசேஷங்களுக்கு நாங்கள் போனதில்லை. "சனிக்கிழமைன்னா ரெண்டு பேரும் செத்துப் போயிடுவீங்களோ?" என்று நாத்தனார் கேலி செய்வார். அவருடைய தம்பியான என் கணவர் இறந்தது ஒரு சனிக்கிழமை. அதற்குப் பிறகு நாத்தனார் வாயில் அந்தக் கேலி வந்ததே இல்லை.

எங்கள் நம்பிக்கையில் இறந்தவர்கள் உறங்குகிறார்கள். ஆண்டவர் எழுப்பும்வரை அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யாரையும் தேடி வரமாட்டார்கள். அவர்கள் குரலில் ஏதாவது வந்தால், அது ஏமாற்ற வரும் ஆவி. படையலுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒன்பது வயது மகள் அழுததால் வாசலில் மட்டும் நிற்கச் சம்மதித்தேன்.

எதைக் கலக்கினாலும் கரண்டியை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவது என் கணவரின் பழக்கம். மகளுக்கு இரவில் பால் கலக்கித் தரும்போதும் அப்படித்தான். அதனால் சத்தம் கேட்டதும் அவள் துள்ளினாள். நாத்தனாரின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மச்சான் கோப்பி கலக்குறாரு லா! பன்னெண்டு வருசமா உங்க சர்ச்சு நிறுத்தி வச்ச கோப்பி!" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பதினாறு நாட்களில் முதல் முறையாக மகளும் சிரித்தாள். "அம்மா, அப்பாதாம்மா!" என்று கதவை நோக்கி ஓடினாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அது உன் அப்பா இல்ல. அப்பா மாதிரி வேசம் போட்டுக்கிட்டு வந்திருக்கு. கூப்பிடாத."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் அப்படியே நின்றது. "பச்சப் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது? என் தம்பிய பேய்ங்கிறியா நீ?" என்று நாத்தனார் கத்தினார். பிறகு கதவைத் தட்டித் திறந்தார். எல்லாம் வைத்தபடியே இருந்தன. கரண்டி மட்டும் குவளைக்குள் சாய்ந்து நின்றது. அதை உள்ளே போட்டது யார் என்று கேட்டார். யாரும் போடவில்லை.

அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. அது அவர் கை என்று என் உடம்பு முதலில் நம்பியது. போதனை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இதை இன்றுவரை மகளிடம் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவள் விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை. வீட்டில் இருந்த அப்பாவின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் அவருடையதைப் போன்ற கட்டம் போட்ட சட்டையோடு யாரோ முன்னால் நடந்துபோக, என் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "திரும்பிப் பாக்குதாம்மா?" என்று கேட்டாள்.

எங்கள் சபை அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் கூடுகிறது. நாற்காலிகளில் பாதிக்குமேல் என்றும் காலிதான். வருகிறவர்கள் சனிக்கிழமை வேலையை விடத் தயங்குவார்கள், சபையில் நகை கூடாது என்பதால் தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். அதற்காகவே சிலர் நின்றுவிடுவார்கள். இறந்தவர்களைப் பற்றிய பாடம் வரும்போது இன்னும் சிலர் எழுந்து போவார்கள். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து, "அப்ப நான் டெய்லி யாருகிட்ட பேசுறேன் பாஸ்டர்?" என்று கேட்டார். போதகர் நல்லவர். வேதத்தைப் புரட்டி வசனத்தை வாசித்தார். அந்த அம்மா மறு வாரம் வரவில்லை. "சத்தியத்துக்குக் கூட்டம் சேராதும்மா," என்றார் போதகர் என்னிடம். நானும் பல வருடங்கள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது சொல்ல வாய் வருவதில்லை. இறந்தவர்கள் உறங்குகிறார்கள் என்ற அந்தப் போதனைதான் என்னைத் தாங்கியது. என் கணவருக்கு இனி வலி இல்லை, நாங்கள் அழுவது அவருக்குத் தெரியாது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். "அப்பா தூங்குறாரு, எழும்பினதும் உன்னத்தான் தேடுவாரு" என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். அதுவும் அதே போதனைதான். ஆறுதலை எனக்கு வைத்துக்கொண்டு, பயத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. சுபாங் ஜெயாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். சபைக்கு வருவதில்லை, அத்தை வீட்டுப் படையலுக்கும் போவதில்லை. போன வெள்ளிக்கிழமை மாலை, டாக்டர் எனக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டதைத் தொலைபேசியில் சொன்னேன். தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க போனப்புறம் என் கனவுல வந்தா நான் பேசலாமா? இல்ல வெரட்டணுமா?"

"நான் வரமாட்டேன்மா. தூங்கிக்கிட்டு இருப்பேன்."

"தெரியும்மா. ஆனா வந்தா?"

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளி அந்தியோடு எங்கள் ஓய்வுநாள் தொடங்கும் நேரம். வழக்கமாக அப்போது ஜெபத்துக்கு முழங்காலிடுவேன்.

"பேசும்மா," என்றேன். "வெரட்டாத."

பிறகு மிகத் தணிந்த குரலில் கேட்டாள்:

"அம்மா, நீங்கதானே பேசுறீங்க?"