இளஞ்சிவப்பு உப்பு

முதலில் கால்கள்தான் துவண்டன. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தினமும் நடக்கும் என் கணவர் செல்வராஜ், அன்று காலை பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டெல்லா, காலை தூக்கவே முடியல, ஆட்டோ எடுத்துட்டு வா" என்று போன் செய்தார்.

அவருக்குச் சில வருடங்களாகச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஈசிஜி (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) எடுத்த பெண், தாளைப் பார்த்ததும் டாக்டரைத் தேடி ஓடினாள்.

"பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு மேடம். ஹார்ட் நின்னுடலாம்" என்றார் டாக்டர். பொட்டாசியம் (உணவில் உள்ள ஒரு தாது) மிஞ்சினால் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா? இளநீர், வாழைப்பழம்?"

"எதுவுமே இல்ல டாக்டர். உப்பைக்கூட விட்டாச்சு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். இரண்டு மாதத்துக்கு முன் சேலையூரில் ஒரு இயற்கை அங்காடியில் இளஞ்சிவப்பு உப்பு வாங்கினேன். தாதுக்கள் நிறைந்தது, சோடியம் குறைவு என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருந்தது. என்னைப் பொறுத்தவரை அது உப்பே இல்லை, பத்தியம். கரிப்பு குறைவாக இருந்ததால் தாராளமாகவே போட்டேன்.

ஊசி மருந்தில் பொட்டாசியம் இறங்கியது. மறுநாள் மாலை மறுபடியும் ஏறியது. ஏன் என்று டாக்டருக்கே புரியவில்லை. இன்னும் ஏறினால் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்க வேண்டும் என்றார். நான் வராந்தாவில் நின்று ஜெபம் செய்தேன். பாதி ஜெபத்தில் வார்த்தை மறந்துபோனது.

மூன்றாம் நாள் மதியம், வழக்கம்போல ரசம் சாதம் பிசைந்து, கைப்பையிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து மேலே தூவினேன். மருத்துவமனைச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று அவர் முகம் சுளித்ததால், முதல் நாளிலிருந்தே செய்துவந்த உபகாரம் அது.

"அக்கா, இன்னா தூவுறீங்க?" என்றாள் நர்ஸ்.

"இயற்கை உப்பும்மா. நல்லது."

அவள் தட்டை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, அந்த உப்பில் என்ன இருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டை எடுத்துவந்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில், பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதை நிறுத்தியதும் அளவு இறங்கி, அப்படியே நின்றது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

உங்கள் வீட்டிலும் சிறுநீரக நோயாளி இருந்தால், மாத்திரைச் சீட்டோடு உப்புப் பாக்கெட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா இளஞ்சிவப்பு உப்பும் இப்படி இல்லையாம். எதில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் தெரியாது.

இப்போது எனக்கு நாள் என்பது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரை. அவர் சாப்பிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தால், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறேன். அவர் கையை வேறு எதற்காகவும் தொட்டு வெகு நாளாகிறது.

தட்டை வைத்ததும் என் முகத்தைப் பார்த்து, "சாப்பிடலாமா?" என்கிறார். கேலிக்குத்தான் கேட்கிறார். இருபத்தெட்டு வருடமாகக் கேட்காத கேள்வி. "சாப்பிடுங்க" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.