பொதுவில் நின்ற கப்பல்

அண்ணனைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். அழுதும் ஓய்ந்துவிட்டேன், வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியும் ஓய்ந்துவிட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணன் கண்டனூரில் பிறந்து, காரைக்குடியில் படித்து, சாக்கோட்டையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றார்கள். பங்காளிகள் எல்லாரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, எல்லாருக்கும் பொதுவான அவ்வளவு பெரிய வீட்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும் இருந்தார்கள்.

நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கப்பலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னோர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றை அளவு குறைத்து மரத்தில் அப்படியே செய்திருக்கிறார்கள். மூன்று பாய்மரம், இரு பக்கமும் விரல் நீளப் பீரங்கிகள். அதன் கயிறு அறுந்தால் அண்ணன்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் கோத்துக் கட்டுவார்கள்.

சில வருடங்களாகக் கப்பலுக்கு நேர் மேலே ஓடு ஒழுகியது. மாற்றி அடுக்கியும் நிற்கவில்லை. தம் அறைக்குள் நகர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் பொதுச் சாமானை எடுத்துத் தன் அறையில் வைத்தால், தனக்கென்று எடுத்துக்கொண்டதாகவே அர்த்தம். அதனால் அண்ணன் ஒவ்வொரு பங்காளிக்கும் போன் செய்தார்கள்.

"கப்பல் நனையுது. எங்க அறைக்குள்ள வச்சுக்கிடட்டுமா? தப்பா நினைச்சுக்கிடாதீக."

"பெரியவுககிட்ட கேட்டீகளா? அவுக சரின்னா எங்களுக்கும் சரிதான்."

மூத்த வீட்டுப் பெரியவரோ, "எல்லாரும் கூடுறப்பப் பேசிக்கிடலாம்" என்பார்கள். எல்லாரும் கூடியது கல்யாணங்களில்தான். அங்கே கப்பலைப் பற்றி யார் பேசுவார்கள்? அடிப்பலகை உப்பி வெடித்தது. "அது பாட்டுக்கு நனையட்டும், விடுங்க" என்று அண்ணி சலித்துக்கொள்வார்கள். அண்ணன் பெட்டிமேல் குடையை விரித்து வைத்துவிட்டு அடுத்த நம்பரைத் தேடுவார்கள். எனக்குப் பங்காளிகள்மேல் கோபம் வரும். சண்டை போடத்தான் தெம்பு இருக்காது.

மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "மழை பேயுதா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர்க்காரர்கள் வந்து சேரும்வரை அண்ணனைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. வளவில் பிளக் பாயிண்ட் இருந்தது கப்பல் பக்கத்தில்தான். பெரியவர் சுற்றிப் பார்த்தார்கள்.

"இடைஞ்சலா இருக்கு. தூக்கி அந்த அறைக்குள்ள வைங்கப்பா."

அது அண்ணன் அறை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துணையிருந்த தம்பிமாருக்கும், அண்ணிக்குச் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து சேர்ந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கப்பலைத் தூக்கி வைத்தவர்களுக்கும் நன்றி. அண்ணன் உங்களிடம் கேட்டது அதைத்தான்.