சுடுதண்ணி மெசினும் மூடின யன்னல்களும்

காஸில் எரிகிற சுடுதண்ணி மெசினைச் சுவரில் பூட்டுவது ஒரு மணித்தியால வேலை. அதை வாங்கின ஆட்கள் அதால் சாகாமல் பார்த்துக்கொள்வது ஆயுள்கால வேலை. வீடு வீடாகப் போய்ப் பூட்டிக் கொடுத்து, திரும்பிப் போகிறபோது அவர்கள் செய்து வைத்திருக்கிற கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட பைப் வேலைப் பாஸ்மாரே, கரண்ட் வேலைப் பாஸ்மாரே, இது உங்களுக்குத்தான்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் வருஷத்தில் பத்து மாதம் பச்சைத் தண்ணியே சுடும். பக்கத்தில் கன்னியாவில் ஏழு கிணற்றில் வெந்நீர் சும்மா கிடக்கிறது. இருந்தும் வெளிநாட்டுச் சாமான் கடைகளுக்கு வரத் தொடங்கியதும் எல்லாருக்கும் மெசின் வேண்டும். நான் சொல்வது மூன்றே விஷயம். சிலிண்டர் வெளியில் இருக்க வேண்டும், புகைக்குழாய் வெளியில் போக வேண்டும், குளிக்கிற அறை யன்னல் திறந்திருக்க வேண்டும். காஸ் கசிந்தால் மணக்கும். காற்றில்லாமல் எரிகிறபோது வருகிற நஞ்சு மணக்காது, ஆளைச் சத்தமில்லாமல் நித்திரையாக்கிவிடும். இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறேன். கிளி என்றால் கேட்டிருக்கும்.

பதினாறு ஆணி

துறைமுகத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர் ஒருவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகியும் வீட்டுக்குள் சப்பாத்தோடு திரிகிறவர். மெசின் பூட்டி மூன்றாம் வாரம் ஆள் அனுப்பினார். குளித்துவிட்டு வந்தால் தலையிடிக்கிறதாம், மெசினில் பிழையாம்.

போய்ப் பார்த்தால் யன்னலுக்கு மேல் பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், பதினாறு ஆணி. கப்பல் கட்டுகிறவன்கூட அவ்வளவு அடிக்க மாட்டான். "பிழை மெசினில இல்லை ஐயா, இந்தப் பலகையிலதான்" என்று சொல்லிக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவர் என்னைக் கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காசு குடுத்துப் பிடிச்ச சூட்டைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு விடச் சொல்லுறீரோ, தம்பி?"

அறுத்த குழாய்

உப்புவெளிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர் தங்குகிற ஒரு விடுதி. அதன் முகாமையாளர் இங்கிலீஷில் மட்டும் சிரிக்கிறவர். நான் சுவருக்கு வெளியே விட்டிருந்த புகைக்குழாயை இரும்பறுக்கிற வாளால் அறுத்து எடுத்துவிட்டு, ஓட்டையைச் சிப்பி ஒட்டின பலகையால் மூடியிருந்தார். புகை முழுக்க அறைக்குள்தான். உள்ளே ஒரு வயதான தம்பதி தங்கியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் சிலிண்டரை மூடி, கழற்றிக் கையோடு கொண்டு வந்துவிட்டேன். வாசல்வரை பின்னால் ஓடி வந்து அவர் சொன்ன நியாயம் இது.

"கடற்கரையில நிண்டு படம் எடுக்கேக்க உங்கட குழாய்தான் முன்னுக்கு நிக்குது, பாஸ்."

குவைத்திலிருந்து வந்த பெட்டி

கிண்ணியாவில் பௌசியா என்று ஒரு பெண். குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பும்போது ஒரு மெசினையும் பெட்டியோடு கொண்டு வந்திருந்தாள். படகேறிப் போய்ப் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் தண்ணி சூடாகவில்லை என்று கூப்பிட்டாள். யன்னல் கம்பிக்குள் ஒரு படுக்கை விரிப்பை முழுசாகத் திணித்திருந்தாள். பக்கத்து வளவு ஆண்கள் பார்ப்பார்களாம்.

அவளுடைய உம்மா, மாமிமார், அயலட்டை எல்லாரும் நிற்க, நான் ஏசின ஏச்சு கொஞ்சமில்லை. "குவைத்துக்குப் போயும் புத்தி வரேல்லையே உனக்கு?" என்று கேட்டேன். மெசினின் மூடியைக் கழற்றி நெருப்பைக் காட்டினேன். மஞ்சளாகப் புகைந்து, சுற்றிவரக் கரி பிடித்திருந்தது. விரிப்பை இழுத்தெடுத்துக் கரியைத் துடைத்ததும் நெருப்பு நீலமாகி நேராக நின்றது. யன்னலின் மேல்பாதியைத் திறந்தே விட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் சீலை கட்டச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னதைப் பல நாள் கடையில் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

"நீலமா எரிஞ்சா உசிரு, மஞ்சளா எரிஞ்சா மௌத்து. அவ்வளவுதானே பாஸ்?"

என் வீடு

அந்த மார்கழியில் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் மனைவி செல்வியைக் குளிக்க வார்க்க வேண்டும். ஒருவர் எறிந்த பழைய மெசினைத் திருத்தி வளவுக்குள் இருந்த குளிக்கிற அறையில் பூட்டியிருந்தேன். புகைக்குழாய் இனிமேல்தான் போட வேண்டும். வெளியே வாடைக்காற்று, மழை. மாமி, அதாவது செல்வியின் அம்மா, வாசலில் நின்று, "பிள்ளைப்பெத்த உடம்பு, காத்துப் பட்டால் சன்னி வந்திடும். யன்னலை அடையுங்கோ" என்றா. நான் யன்னலுக்குள் சாக்கைத் திணித்தேன். கதவுக்குக் கீழே துணியும் வைத்தேன். தெரியாமல் செய்யவில்லை. பத்து நிமிஷம்தானே என்று தெரிந்துகொண்டே செய்தேன்.

மாமி பாதி வார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று வெளியே வந்து படுத்துவிட்டா. நித்திரை முழித்த களைப்பென்று நினைத்தேன். மிச்சத்தைத் தானே வார்ப்பதாகச் சொல்லிச் செல்வி உள்ளே கொண்டியைப் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பௌசியா வந்தாள், அவளுடைய மெசினில் பற்றவைக்கிற திருகு இறுகிவிட்டதாம். என்னோடு கதைத்துக்கொண்டு நின்றவளின் கண் சாக்கில் விழுந்தது.

"உள்ளுக்கு ஆரு?"

"மனுசி குளிக்கிறா."

அவள் உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஏறிச் சாக்கை இழுத்தெறிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "மஞ்சள்!" என்று கத்தினாள். நான் சிலிண்டரை மூடிவிட்டுக் கதவைத் தோளால் இடித்தேன். மூன்றாம் இடியில்தான் கொண்டி பெயர்ந்தது. செல்வி சுவரோடு சாய்ந்து இருந்தாள். வாளியில் தண்ணி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பௌசியா தன் முக்காட்டை அவிழ்த்து அவளைச் சுற்றினாள். இருவருமாக மழைக்குள் தூக்கி வந்து கிடத்தினோம். வாடைக்காற்று முழுக்க அவள் மேல் அடித்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவள் பேசவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். வீட்டுக்குள் பிள்ளை அழத் தொடங்கியது. அப்போதுதான் இருமி, சத்தி எடுத்து, கண்ணைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்கு வந்த அன்று பௌசியா பிள்ளைக்குச் சட்டை கொண்டு வந்தாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் அழுதேன். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"எனக்கு ஏசின ஏச்சில பாதியை உங்கட வீட்டுக்கும் மிச்சம் வச்சிருக்கலாமே, பாஸ்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ மடையர்களுக்கு மெசின் பூட்டியிருக்கிறேன். அவர்களில் ஆகப் பெரிய மடையனுடைய வீட்டுக்குப் போக எனக்குப் படகும் தேவைப்படவில்லை, பஸ்ஸும் தேவைப்படவில்லை.